பாரிசவாதமும் புள்ளிக் கணக்கும்

கிழக்கிலங்கையின் கடலோரத்திலே, மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரையிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களின் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் உள. தறியில் நெய்வோர், கரைவலை இழுப்போர், மேற்கே வயல்வெளிகளில் வேளாண்மை செய்வோர், கடைத்தெருவில் வாணிகம் புரிவோர் எனப் பலதிறத்தாரும் வாழும் பகுதி இது.

இவ்வூர்களுள் எதிலும் நிகழக்கூடிய ஒரு காட்சியை மனத்திற் கொள்க. சுபஹுத் தொழுகைக்காக எழுந்த முதியவர் ஒருவருக்கு வாய் ஒருபுறம் கோணுகிறது, வலக்கை வழங்காமற் போகிறது, பேச்சுக் குழறுகிறது. வீட்டார் பதறி அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்கின்றனர். வைத்தியர் நோயாளியைப் பரிசோதித்து வெளியே வந்ததும் மூத்த மகள் கேட்கும் வினா ஒன்றே: “வாப்பா இனி எழும்பி நடப்பாரா, டொக்டர்?”

நோயின் பெயர் யாது, அது எதனால் வந்தது என்னும் வினாக்களெல்லாம் இதன் பின்னரே எழுவன. பாரிசவாதம் கண்ட வீடுகள் அனைத்திலும், எல்லா நாடுகளிலும், எல்லாக் காலங்களிலும் முதலில் எழுந்த வினா இதுவேயாகும். இதற்கு வைத்தியர்கள் விடை கூற முயன்ற வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அனுபவத்தில் தொடங்கி, பிரேத பரிசோதனையைக் கடந்து, இன்று எண்களில் வந்து நிற்கும் அவ்வரலாறு அறியத்தக்கது. ஏனெனில் அவ்வெண்கள் இன்று நம் ஊர் வைத்தியசாலைகளின் நோயாளர் ஏடுகளிலும் எழுதப்படுகின்றன.

பழங்கால வைத்தியர்கள் நோயின் முடிவை முன்னறிந்து கூறுவதை வைத்தியத்தின் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கருதினர். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் இதற்கெனத் தனி நூலே உண்டு. முடிவைச் சரியாகக் கூறும் வைத்தியனை மக்கள் நம்புவர். இறக்கும் நோயாளியை முன்னரே இனங்கண்டு சொன்ன வைத்தியன் மீது பழி வாராது என்பது அந்நூலின் கருத்து. வன்மையாகத் தாக்கிய வாதத்தை நீக்குதல் இயலாது, மென்மையாகத் தாக்கியதை நீக்குதலும் எளிதன்று என்பதும் அம்மரபினரின் துணிபு. கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயருக்கு ‘அடித்து வீழ்த்துவது’ என்பது பொருள். தமிழில் ‘பாரிசம்’ என்பது உடலின் ஒரு பக்கம். அப்பக்கத்தைப் பற்றிய வாதம் பாரிசவாதமாயிற்று.

கிரேக்கரின் மருத்துவ அறிவை அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் பெற்று வளர்த்தனர். அர்ராஸி, இப்னு ஸீனா ஆகியோர் இவர்களுட் பெரியோர். 1025ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ என்னும் பெருநூல், நினைவிழந்து வீழச் செய்யும் ‘ஸக்தா’ என்பதையும், உடலின் ஒரு பாதியைச் செயலிழக்கச் செய்யும் ‘பாலிஜ்’ என்பதையும் பிரித்துக் கூறியது. இம்மரபே ‘யூனானி’ என்னும் பெயருடன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. ‘யூனான்’ என்பது கிரேக்க நாட்டிற்கு அரபியர் இட்ட பெயர். 1929ஆம் ஆண்டில் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் அங்கே இடம்பெற்றது.

கிழக்குக் கரையின் ஊர்களில் பரிசாரிமார் என வழங்கப்பட்ட நாட்டு வைத்தியர்கள் நாடி பார்த்தும், நாவையும் கண்ணையும் நோக்கியும் நோயின் நிலையை அறிந்தனர். நோய்களைச் சாத்தியம், கஷ்ட சாத்தியம், அசாத்தியம் எனப் பகுப்பது இந்நாட்டு மருத்துவ மரபு. எளிதில் தீர்வது, வருந்தித் தீர்ப்பது, தீராதது என்பன அவற்றின் பொருள். இக்கால மொழியிற் கூறுவதாயின், மூன்று படிகளைக் கொண்ட அளவுகோல் இது. ஆயின் எந்தக் குறிக்கு எவ்வளவு மதிப்பு என்பது பரிசாரியின் மனத்துள்ளேயே இருந்தது. ஒருவர் ‘கஷ்ட சாத்தியம்’ என்றதை அடுத்த ஊரார் ‘அசாத்தியம்’ என்றால், யார் கூறியது சரியென்று ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்கவில்லை.

தமிழ் மரபில் இது குறித்து மிகத் தெளிவாகச் சிந்தித்தவர் திருவள்ளுவர் எனலாம். திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டுமென அவர் வகுத்தார். அடுத்த குறளிலே, நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து பேணுபவனையும் சேர்த்து, மருத்துவம் நான்கு கூறுகளை உடையதென்றார். பாரிசவாதத்தை அளக்க இக்காலத்தார் வகுத்த கருவிகளை ஆராயுங்கால் இவ்விரு குறள்களின் பொருளும் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வரும்.

பாரிசவாதம் மூளையில் எழும் நோயென்பதைக் கண்கூடாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் ஷாப்ஹவுசன் நகரத்து வைத்தியரான யோஹான் யாக்கோப் வெப்பர். இந்நோயால் இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்து, சிலரது மூளையில் குருதி கசிந்து தேங்கியிருத்தலைக் கண்டு, 1658ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குருதிக் குழாய் வெடிப்பதால் வருவது ஒன்று, குழாய் அடைபடுவதால் வருவது மற்றொன்று என இந்நோய் இருவகைப்படுதல் காலப்போக்கிலே தெளிவாயிற்று. எனினும் உயிருடன் இருக்கும் நோயாளியின் தலைக்குள் என்ன நிகழ்ந்துள்ளது என்று காண வழியில்லாமையால், முடிவை முன்னறிதல் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது.

அவ்வூகம் எவ்வளவு பிழைபடக் கூடும் என்பதற்குப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டரின் வாழ்க்கை சான்றாகும். 1868ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள், தமது நாற்பத்தைந்தாம் வயதில், அவரைப் பாரிசவாதம் தாக்கியது. உடலின் இடப்பக்கம் முற்றாகச் செயலிழந்தது. அவர் பிழைப்பாரென்று நம்பியவர் சிலரே. அக்காலத்தில் அவருக்கெனப் பாரிஸ் நகரில் புதியதோர் ஆய்வுகூடம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நோயின் செய்தி பரவியதும் அதன் வேலை நிறுத்தப்பட்டது. இறக்கப்போகும் ஒருவருக்குக் கட்டடம் எதற்கென்று அதிகாரிகள் எண்ணினர் போலும்! வேலை நின்ற செய்தி நோயாளியின் மனத்தைப் பெரிதும் வருத்தியது. பின்னர் மன்னன் மூன்றாம் நெப்போலியனின் கட்டளையால் கட்டட வேலை மீண்டும் தொடங்கியது. பாஸ்டரோ சில நாட்களுக்குள்ளேயே படுக்கையில் இருந்தவாறு ஆய்வுக் குறிப்பொன்றைச் சொல்லி எழுதுவித்தார். இடக்கையும் இடக்காலும் அவருக்கு முற்றாகத் திரும்பவில்லை. ஆயினும் அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். விசர்நாய்க் கடிக்கான தடுப்பு மருந்தை 1885ஆம் ஆண்டில் ஒரு சிறுவனுக்கு ஏற்றி வெற்றி கண்டதும் அவ்விருபத்தேழு ஆண்டுகளுக்குள்ளேதான்.

இந்நிகழ்ச்சியில் இரு பிழைகள் உள. நோயின் முடிவைத் தவறாகக் கணித்தது முதற் பிழை. அக்கணிப்பை நம்பி வேலையை நிறுத்தியது இரண்டாவது பிழை. அளவுகோல்களின் வரலாறு முதற் பிழையைக் குறைக்க எழுந்த முயற்சியே. இரண்டாவது பிழையையோ அளவுகோல்கள் தாமாகவே நீக்கவில்லை. சில வேளைகளில் அதனை அவை பெருக்கியும் விட்டன. இவ்வுண்மையைப் பின்னர்க் காண்போம்.

நோயின் விளைவை எண்ணால் குறிக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ராங்கின், அறுபது வயதைக் கடந்த பாரிசவாத நோயாளர் பற்றி 1957ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைகளில், நோய்க்குப் பின் எஞ்சும் இயலாமையை ஐந்து படிகளாகப் பகுத்தார். பிற்காலத்தார் அதனைத் திருத்தி, குறையேதும் இல்லாமையைப் பூச்சியம் என்றும், இறப்பை ஆறு என்றும் அமைத்தனர். இரண்டாம் படியில் உள்ளவர் முன்போல் எல்லா வேலைகளையும் செய்யாவிடினும் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வார். மூன்றாம் படியில் உள்ளவருக்குச் சிறிது உதவி வேண்டும். ஆனால் தாமே நடப்பார். நான்காம் படியில் பிறர் துணையின்றி நடக்க இயலாது. ஐந்தாம் படி படுக்கையே கதியாதல்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் புளோரன்ஸ் மஹோனி என்னும் வைத்தியரும், டொரத்தியா பார்த்தெல் என்னும் இயன்மருத்துவரும் மற்றோர் அளவுகோலை வெளியிட்டனர். அது பத்து அன்றாடச் செயல்களுக்குப் புள்ளியிடுவது. தாமே உண்டால் 10 புள்ளி, தாமே குளித்தால் 5, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறினால் 15, நடந்தால் 15, படியேறினால் 10. உடுத்தல், மலசலத்தை அடக்கியாளுதல் முதலியனவும் சேர மொத்தம் 100. பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி அறிக்கை போன்ற இவ்வளவுகோலின் சிறப்பு யாதெனின், விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. நோயாளி செய்வதைக் கூர்ந்து பார்க்கும் தாதி ஒருவர் போதும்.

கிளாஸ்கோ நகரிலிருந்தே 1974ஆம் ஆண்டில் வேறோர் அளவுகோலும் வந்தது. டீஸ்டேல், ஜெனட் என்னும் இருவர், நினைவு தடுமாறிய நோயாளியின் நிலையை மூன்று குறிகளால் அளந்தனர். அதன் இன்றைய வடிவில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உறுப்பசைவுக்கு 6 என உச்சப் புள்ளிகள் அமைந்துள்ளன. முழு நினைவுடையோர் 15 பெறுவர்; ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளோர் 3 பெறுவர். இதற்குச் சற்று முன்னர், 1971ஆம் ஆண்டில், லண்டனில் ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய சீ.ரீ. ஸ்கான் கருவியினால் முதன்முறையாக நோயாளி ஒருவரின் மூளை படம் பிடிக்கப்பட்டது. வெப்பர் பிணவறையில் கண்டதை, உயிருள்ளவரின் தலையிலேயே காணும் காலம் அவ்வாறு பிறந்தது.

பாரிசவாதத்தின் கடுமையை அளப்பதற்கென்றே அமைந்ததும், இன்று உலகெங்கும் வழங்குவதுமான அளவுகோல், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பெயரால் 1989ஆம் ஆண்டில் வெளியானது. நினைவு, பார்வை, முகத் தசை, கைகால் வலிமை, உணர்ச்சி, மொழி, உச்சரிப்பு முதலிய கூறுகளை வரிசையாகச் சோதித்து, குறைபாட்டுக்கேற்பப் புள்ளியிடுவர். பூச்சியம் குறைபாடின்மை, 42 உச்சக் கடுமை. கல்முனையில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் தனித்தனியே சோதித்தாலும் ஒரே மொழியில் பேசிக்கொள்ள இவ்வெண் உதவுகிறது. பரிசாரியின் மனத்துள் இருந்த கணக்கு, எல்லாரும் பார்க்கக்கூடிய ஏட்டுக்கு வந்துவிட்டது.

இவ்வளவுகோல்கள் செய்த பேருதவி முன்னறிதலைவிடப் பெரிது. அடைப்பினால் வரும் பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து பயன்படும் என்று 1995ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் அம்மருந்தைப் பெற்றவர்கள், மூன்று மாதங்களின் பின் பெரும்பாலும் குறையின்றி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நூற்றுக்கு முப்பது பங்கேனும் கூடுதலாக இருந்தது. அவ்வேறுபாட்டைக் காட்டியவை மேற்கூறிய ராங்கின், பார்த்தெல் முதலிய அளவுகோல்களே. அவை இல்லாதிருப்பின், மருந்து உதவியதா இல்லையா என்பதைத் துணிய வழியில்லை. 2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வொன்று அக்கால எல்லையை நான்கரை மணி நேரமாக நீட்டியது. வள்ளுவர் கூறிய மூன்றனுள் ‘காலம்’ எத்துணை முதன்மையானதென்பதை இது காட்டும். இவ்வாறே, பாரிசவாத நோயாளரைத் தனிப் பிரிவொன்றில் வைத்து, பயிற்சி பெற்ற வைத்தியரும் தாதியரும் இயன்மருத்துவரும் கூடிப் பராமரித்தால் இறப்பும் இயலாமையும் குறையும் என்பதும், பல ஆய்வுகளைத் தொகுத்து 1997ஆம் ஆண்டளவில் உறுதிப்படுத்தப்பட்டது.

இனி, முடிவை முன்னறியும் கணக்குகளுக்கு வருவோம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆய்வாளர்கள், மூளையில் குருதி கசிந்த 152 நோயாளரின் விவரங்களைக் கொண்டு எளிய கணக்கொன்றை அமைத்தனர். வயது எண்பது அல்லது அதற்கு மேலாயின் 1. கசிந்த குருதி 30 மில்லிலீற்றர் அல்லது அதற்கு மேலாயின் 1. குருதி மூளையின் உள்ளறைகளிற் புகுந்திருப்பின் 1. கசிவு மூளையின் கீழ்ப் பகுதியில் எழுந்திருப்பின் 1. கிளாஸ்கோ நினைவுப் புள்ளி 5 முதல் 12 வரையாயின் 1, 3 அல்லது 4 ஆயின் 2. மொத்தம் பூச்சியம் பெற்றோருள் எவரும் முப்பது நாட்களுக்குள் இறக்கவில்லை. 1 பெற்றோருள் நூற்றுக்கு 13 பேரும், 2 பெற்றோருள் 26 பேரும், 3 பெற்றோருள் 72 பேரும், 4 பெற்றோருள் 97 பேரும் இறந்தனர்.

முற்கூறிய முதியவருக்கு நேர்ந்தது குருதிக் கசிவே எனக் கொள்வோம். அவருக்கு வயது 68. நினைவுப் புள்ளி 12. மூளையின் மேற்பகுதியில் கசிந்த குருதி 35 மில்லிலீற்றர். அது உள்ளறைகளிலும் புகுந்துள்ளது. கணக்கு 3 என வரும். நூற்றுக்கு 72 என்னும் எண்ணைக் கேட்ட வீட்டார் யாது செய்வர்? நூறு பேரில் எஞ்சிய 28 பேரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. “கொண்டுபோய் வீட்டில் வைத்துப் பார்ப்போம்” என்ற பேச்சு எழும். வைத்தியசாலையிலும் முயற்சி தளரக்கூடும். பாஸ்டரின் ஆய்வுகூடத்து வேலை நின்ற கதை இங்கே மீண்டும் அரங்கேறுகிறது.

இவ்வபாயத்தை அதே 2001ஆம் ஆண்டில் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டினர். ‘இவர் பிழையார்’ என்று வைத்தியர் கருதுகிறார். அதனால் தீவிர சிகிச்சை நிறுத்தப்படுகிறது. அதனால் நோயாளி இறக்கிறார். அவ்விறப்பு புள்ளிவிவரத்திற் சேர்ந்து, ‘இவ்வளவு புள்ளி பெற்றவர் பிழையார்’ என்னும் கருத்தையே மீண்டும் உறுதிப்படுத்துகிறது. தானே தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் முன்னறிவிப்பு இது. இதனைச் சோதிக்க அமெரிக்காவில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. நினைவு குன்றிய நிலையில் வந்த நோயாளருக்கு முதல் ஐந்து நாட்களும் சிகிச்சையை மட்டுப்படுத்தாது முழுமையாகச் செய்தனர். கணக்கின்படி அவர்களுள் நூற்றுக்கு ஐம்பது பேர் முப்பது நாட்களுக்குள் இறந்திருத்தல் வேண்டும். இறந்தவரோ ஏறத்தாழ இருபது பேரே. 2015ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, ஓர் எண் உண்மையாவதும் பொய்யாவதும் அதைக் கேட்டவர் செய்வதையும் பொறுத்தது என்பதைக் காட்டியது. சிகிச்சையை மட்டுப்படுத்தும் முடிவை முதல் ஓரிரு நாட்களில் எடுத்தலாகாது என அமெரிக்க வைத்தியச் சங்கங்களின் நெறிமுறைகளும் கூறலாயின.

அளவுகோல்களுக்கு வேறொரு வரம்பும் உண்டு. அவை பிறந்த ஊர்களை நோக்குக: கிளாஸ்கோ, மேரிலாந்து, சான் பிரான்சிஸ்கோ. அவ்வூர் மக்களின் மொழியும் வாழ்க்கையும் அவற்றுள் மறைந்து கிடக்கின்றன. 1989ஆம் ஆண்டின் அளவுகோலில் மொழியாற்றலைச் சோதிக்க நெடுங்காலமாகக் காட்டப்பட்ட படங்கள் திறப்பு, நாற்காலி, இறகு, கையுறை, கள்ளிச்செடி, மரங்களிடையே கட்டும் தொங்கு படுக்கை என்பன. திறப்பையும் நாற்காலியையும் அறியாதார் இலர். கள்ளியும் இக்கரை மணலில் வளர்வதே. ஆயின் கையுறை அணிந்தறியாத, தொங்கு படுக்கையைப் பார்த்தறியாத மீனவத் தாயொருத்தி அவற்றின் பெயரைக் கூறாதுவிடின், குறை மூளையில் உள்ளதா, படத்தில் உள்ளதா? நோயாளியின் தாய்மொழியில், அவர் பழகிய பொருள்களைக் கொண்டு கேட்டாலன்றிச் சோதனை சோதனையாகாது. 1848ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழி வைத்தியத்தின் ஒரு கருவி என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இத்தகைய வரம்புகளை ஆராயுங்கால், கரையோர ஊர்களுக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும் கணக்கொன்றுண்டு. 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர்கள் ஆறே வினாக்களைக் கொண்டு, பாரிசவாதம் கண்ட ஒருவர் ஆறு மாதங்களின் பின் உயிருடனும் பிறர் துணையின்றியும் வாழும் வாய்ப்பைக் கணித்தனர். வயது என்ன? நோய்க்கு முன் தனியே வாழ்ந்தவரா? நோய்க்கு முன் தம் வேலைகளைத் தாமே செய்தவரா? பேச்சுத் தெளிவாக உள்ளதா? இரு கைகளையும் உயர்த்த முடிகிறதா? துணையின்றி நடக்க முடிகிறதா? இவ்வளவே. ஸ்கான் கருவியும் வேண்டியதில்லை. குருதிப் பரிசோதனையும் வேண்டியதில்லை. வயதும் முன்னைய நிலையும் வள்ளுவர் கூறிய நோயாளியின் அளவு. பேச்சும் கையும் காலும் நோயின் அளவு.

இவ்வாறனுள் ‘தனியே வாழ்ந்தவரா’ என்னும் வினா ஆழ்ந்த பொருளுடையது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் நெடுங்காலமாக நிலைபெற்றது. ஆதலின் முதிய பெற்றோர் மகளின் வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்வதே பெருவழக்கு. இங்கிலாந்தில் நோயாளரைப் பிரித்துக்காட்டிய இவ்வினா, கல்முனையில் அவ்வளவாகப் பிரித்துக்காட்டாது போகலாம். அதனாலேயே ஓரிடத்துக் கணக்கை மற்றோரிடத்தில் அப்படியே கைக்கொள்ளாது, அங்குள்ள நோயாளரைக் கொண்டு சோதித்துத் திருத்துதல் வேண்டும் என அறிஞர் வற்புறுத்துவர். இன்னாருக்கு முதல்நாள் இவ்வளவு புள்ளி, ஆறு மாதத்தின் பின் இந்நிலை என்று ஒவ்வொரு வைத்தியசாலையும் ஏட்டிற் பதிந்து வந்தால், சில ஆண்டுகளில் இக்கரைக்கே உரிய கணக்கொன்று உருவாகும்.

கணக்கை ஒருமுறை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது என்பதற்கும் சான்றுண்டு. நெதர்லாந்து நாட்டில் நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, செயலிழந்த கையைப் பற்றியது. நோய் கண்ட இரண்டாம் நாளில் விரல்களைச் சிறிதேனும் நீட்டவும், தோளைச் சிறிதேனும் உயர்த்தவும் முடிந்தோருள் நூற்றுக்கு 98 பேர் ஆறு மாதத்தில் கையை ஓரளவேனும் பயன்படுத்தும் திறன் பெற்றனர். இரண்டும் இயலாதோருள் அத்திறன் பெற்றோர் 25 பேர். இவ்வெண்ணை வாசிக்கும் முறை இரண்டு. ‘நூற்றுக்கு 75 பேருக்குக் கை திரும்பாது’ என்று கைவிடுதல் ஒரு முறை. முன்னையோருக்கு விரற் பயிற்சியை நாளும் முடுக்கியும், பின்னையோருக்குக் கை இறுகாமற் காத்து, மற்றக் கையால் வேலை செய்யப் பழக்கியும், சில நாட்களின் பின் மீண்டும் சோதித்துப் பார்த்தும் முயலுதல் மற்றொரு முறை. அளவுகோலை ஆக்கியோர் கருதியது இரண்டாவது முறையையே.

கல்முனையில் இன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரு பெரிய அரச வைத்தியசாலைகள் உள்ளன. முன்னையது, சம்மாந்துறையிற் பிறந்து 2000ஆம் ஆண்டில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் பெயர் தாங்கியது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. 1990 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் அம்புலன்ஸ் சேவை, 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றனுள் ஒன்றைக் கண்டாலும் அவ்வெண்ணை அழைத்து, நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல் வீட்டாரின் முதற் கடமை. ‘சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்தால், நான்கரை மணி நேரமென்னும் எல்லை வீட்டு முற்றத்திலேயே கழிந்துவிடும். எந்தப் புள்ளிக் கணக்காலும் அந்நேரத்தைத் திருப்பித் தர இயலாது.

குருதியமுக்கத்தை அளந்து அடக்கி வைத்தல், நீரிழிவைக் கட்டுப்படுத்தல், புகைத்தலை விடுதல், கருவாட்டிலும் கறியிலும் உப்பைக் குறைத்தல் என்பன இந்நோய் வாராமற் காக்கும் வழிகள். கொழும்பு நகர மக்களிடையே நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வயதுவந்தோர் ஆயிரவருள் ஏறத்தாழப் பத்துப் பேர் பாரிசவாதம் கண்டவர் எனக் கூறியது. இது எங்கோ சிலருக்கு வரும் அரிய நோயன்று.

மீண்டும் அம்மகளின் வினாவுக்கு வருவோம். “வாப்பா எழும்பி நடப்பாரா?” என்று கேட்பவளுக்கு ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் முதல்நாளில் உண்மையான விடையாகா. இத்தகைய நிலையில் வந்த நூறு பேரில் இத்தனை பேர் தேறினர் என்று எண்ணைக் கூறி, உங்கள் தந்தை அந்நூற்றுவருள் எவராக இருப்பாரென்று இன்று எவராலும் சொல்ல முடியாது என்பதையும் கூறி, மூன்றாம் நாள் மீண்டும் அளந்து பார்ப்போம், அதற்கிடையில் நீங்கள் செய்ய வேண்டியவை இவை என்று கூறும் வைத்தியரே அளவுகோலைச் சரிவரப் பயன்படுத்தியவராவர். விழுங்கும் ஆற்றலைச் சோதிக்கும் முன் வாயில் எதுவும் ஊட்டாதிருத்தல், படுக்கைப் புண் வாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுதல், செயலிழந்த தோளை இழுத்துத் தூக்காதிருத்தல், இயன்மருத்துவர் காட்டிய பயிற்சியை நாள்தோறும் தவறாது செய்வித்தல் ஆகியவற்றை மகள் கற்றுக்கொள்வாள்.

புள்ளிப் பட்டியல்கள் வயதை அளக்கின்றன. நோயின் கடுமையை அளக்கின்றன. கசிந்த குருதியையும் அளக்கின்றன. வள்ளுவர் நான்காவதாக வைத்த, உடனிருந்து பேணுபவருக்கு அவற்றுட் பெரும்பாலானவற்றில் இடமில்லை. அந்த நான்காவது கூறு மேற்கூறிய வீட்டில் வைத்தியரின் முன்னே நின்று வினாவிக்கொண்டிருக்கிறது. அவளது வினாவுக்கான விடையில் ஒரு பங்கு, ஆறு மாதங்கள் வரை நாள்தோறும் அவளது கைகளாலேயே எழுதப்படவுள்ளது.